அமெரிக்க ஹோட்டலில் வீல்சேர் அறை: எப்படிப் புக் செய்வது, எதையெல்லாம் கேட்பது

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வீல்சேர்தான். பிடித்துக்கொண்டால் இரண்டடி வைப்பார். அப்பாவுக்குக் காது மந்தம். மூன்று வாரம் அமெரிக்காவில் ஐந்தாறு ஊர்களில் தங்கப் போகிறீர்கள். ஹோட்டல் தளங்களில் ‘அக்ஸசிபிள் ரூம்’ என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டலாமா, போய் இறங்கியபின் அறை இல்லை என்று கைவிரித்தால் சட்டம் உதவுமா, நாங்கள் அந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். குடியுரிமையைப் பற்றி அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தான மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அங்கே எல்லோரும் ஏடிஏ என்றுதான் சொல்வார்கள். அதன் மூன்றாம் பகுதி ஹோட்டல், உணவகம், கடை, தியேட்டர் போன்ற இடங்களுக்கானது. மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக எவரையும் அங்கே ஒதுக்கக் கூடாது என்கிறது. சுற்றுலா விசாவில் பத்து நாளுக்கு வந்தவரும் அந்த ‘எவரும்’ என்பதில் அடக்கம். விலக்கு ஒன்று உண்டு: வாடகைக்கு விடும் அறைகள் ஐந்துக்கு மேல் இல்லாமல், உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்தால் அந்த இடத்துக்கு இந்தப் பகுதி பொருந்தாது. வீட்டில் ஒரு அறையை ஒதுக்கித் தருகிறார்களே, அந்த மாதிரி தங்குமிடங்கள் பலவும் இப்படித் தப்பிவிடும். அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள் என்பதே என் யோசனை.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். நானும் வீல்சேரில் இருப்பவன்தான்; வேலை நிமித்தமாக அந்த நாட்டில் பல ஊர்களில் தங்கியிருக்கிறேன். ஒருமுறை இரவு 11 மணிக்குப் போய் இறங்கினேன். புக் செய்திருந்தது வீல்சேர் அறை. கவுன்ட்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, “அது ரிக்வெஸ்ட்தான் சார், கன்ஃபர்ம் இல்லை” என்றான். அந்த அறையைச் சாயங்காலமே நேரில் வந்து கேட்ட வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த அறையின் குளியலறைக் கதவு 24 அங்குலம், என் வண்டி 26 அங்குலம். இரண்டு நாள் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டதுதான் குளியல். கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் லிஃப்டில் இறங்கி லாபிக்குப் போனேன், விடிகாலை மூன்று மணிக்கும்.

அந்தப் பையன் சொன்ன ‘ரிக்வெஸ்ட்’ என்ற சொல்லே சட்டப்படி தப்பு. 2012 மார்ச் 15 முதல் அமலில் இருக்கும் விதி ஒன்று ஹோட்டல் முன்பதிவுக்கென்றே எழுதப்பட்டது. மற்றவர்கள் எந்த நேரத்தில், எந்த வழியில் புக் செய்ய முடிகிறதோ, அதே நேரத்தில் அதே வழியில் மாற்றுத்திறனாளிக்கான அறையையும் புக் செய்ய முடிய வேண்டும். இணையத்தில் மற்ற அறைகளை நள்ளிரவில் புக் செய்ய முடியும்போது, வீல்சேர் அறைக்கு மட்டும் ‘காலை ஒன்பதுக்குப் பிறகு ஃபோன் செய்யுங்கள்’ என்று சொல்லக் கூடாது. அதே வகையைச் சேர்ந்த மற்ற அறைகள் எல்லாம் விற்றுத் தீரும் வரை வீல்சேர் அறையை மற்றவர்களுக்குத் தராமல் வைத்திருக்க வேண்டும். நீங்கள் புக் செய்துவிட்டால் அந்த அறையை எல்லா முன்பதிவு அமைப்புகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: புக் செய்த அந்தக் குறிப்பிட்ட அறையையே உங்களுக்காக உறுதிசெய்து வைக்க வேண்டும். ‘நாங்கள் யாருக்குமே குறிப்பிட்ட அறையை உறுதி செய்வதில்லை, வகையைத்தான் உறுதி செய்வோம்’ என்று ஹோட்டல்காரர் சொல்வார். மற்றவர்கள் விஷயத்தில் அது அவர் வழக்கமாக இருக்கட்டும். இந்த அறைக்கு அந்தச் சாக்கு செல்லாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அன்றைக்கு எனக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. விதி எனக்கு மனப்பாடம். ஆனால் நள்ளிரவில் சட்டம் அறையைப் பெற்றெடுத்துத் தராது. அதனால்தான் சொல்கிறேன், இந்த உரிமையை முழுசாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம் புக் செய்யும் நேரம்.

மூன்றாம் தரப்புத் தளங்கள் வழியாகப் புக் செய்தாலும் இந்த விதி பொருந்தும். ஆனால் அந்தத் தளங்களில் வீல்சேர் அறை ஒரு டிக் பெட்டியாகச் சுருங்கி, ‘சிறப்பு வேண்டுகோள்’ என்ற குறிப்பாக ஹோட்டலுக்குப் போய்ச் சேரும். ஹோட்டல் தன் பங்குக்கு விவரங்களையும் அறைகளையும் ஏதாவது சில தளங்களுக்குக் கொடுத்திருந்தால், இன்னொரு தளம் செய்த கோளாறுக்கு அது பொறுப்பில்லை. பத்து டாலர் கூடப் போனாலும் ஹோட்டலின் சொந்தத் தளத்தில், வீல்சேர் அறை என்பதையே தனி அறை வகையாகக் காட்டும் இடத்தில் புக் செய்யுங்கள். அறைக்குத் தனி உரிமையாளர் உள்ள காண்டோ வகைத் தங்குமிடங்களுக்கு, அறையைப் பிடித்துவைப்பது பற்றிய விதிகள் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் இவை நிறைய.

இப்போது ‘அக்ஸசிபிள்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஏமாற்றம் அதிகம் இங்கேதான். இந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று விதமான அறைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, கைப்பிடிக் கம்பிகளோடு குளியல் தொட்டி உள்ள வீல்சேர் அறை. இரண்டாவது, தொட்டி இல்லாமல் வண்டியோடு உள்ளே போகக்கூடிய ரோல்-இன் ஷவர் உள்ள அறை. மூன்றாவது காது கேளாதவர்களுக்கான அறை. அதில் கதவு குறுகலாகவும் இருக்கலாம், ஏனென்றால் அது வீல்சேருக்காகச் செய்ததே அல்ல. உங்கள் அம்மா தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க முடியாது என்றால் முதல் வகை அறையும் மூன்றாவது வகையைப் போலவே உதவாது.

அந்த இரண்டாவது வகை எவ்வளவு அரிது என்று பாருங்கள். 50 அறை வரை உள்ள ஹோட்டலில் ரோல்-இன் ஷவர் ஒன்றுகூட இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 51 முதல் 100 அறை வரை ஒன்றே ஒன்று போதும். 101-லிருந்து 200 வரை இரண்டு. 201-லிருந்து 300 வரை மூன்று. நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் 80 அறை ஹோட்டலில் ஐந்து வீல்சேர் அறைகள் சட்டப்படி இருக்கும். ஆனால் உங்களுக்கு ஆகக்கூடியது அவற்றில் ஒன்றாக மட்டும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு முடிவு தானாக வரும்: முடிந்தவரை பெரிய ஹோட்டலாகப் பாருங்கள், முடிந்தவரை சீக்கிரம் புக் செய்யுங்கள்.

கட்டடத்தின் வயதும் கணக்கில் வரும். 1993 ஜனவரி 26-க்குப் பிறகு முதன்முதலாகத் திறக்கக் கட்டப்பட்டவை ஏடிஏ அளவுகளுக்கு உட்பட்டே கட்டப்பட்டிருக்க வேண்டும். 2012 மார்ச் 15 முதல் கட்டத் தொடங்கியவற்றுக்கு 2010-இல் திருத்திய தரங்கள். 1993-க்கும் முந்தைய பழைய கட்டடங்களில் பெரிய செலவோ சிரமமோ இல்லாமல் எடுக்கக்கூடிய தடைகளை எடுத்தால் போதும் என்று சட்டம் இறங்கி வருகிறது. அழகான நூறாண்டுப் பழைய ஹோட்டல் என்று ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வையுங்கள். புதுப்பித்த பகுதிக்கு மட்டும் புதிய அளவு பொருந்தும், அதனால் அங்கே ஒரே மாடியில் ஓர் அறை சரியாகவும் பக்கத்து அறை சிக்கலாகவும் இருக்கும்.

விதியில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு வரி. வீல்சேர்காரர் அந்த அறை தனக்குச் சரிப்படுமா என்று தானே முடிவு செய்துகொள்ளும் அளவுக்கு ஹோட்டல் விவரம் தர வேண்டும் என்கிறது அது. அதாவது ‘எல்லா வசதியும் இருக்கு மேடம்’ என்ற பதில் பதிலே அல்ல. அளவு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரிடமும் தயவு கேட்கவில்லை. கதவைத் திறந்தால் உண்மையில் கிடைக்கும் வழி குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும்; கதவின் அகலத்தைச் சொல்லி ஏமாற்றுவார்கள், கதவுப் பலகையின் தடிமன் போக மிஞ்சுவதைக் கேளுங்கள். கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம். கைப்பிடிக் கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில், பக்கச் சுவரிலும் பின்சுவரிலும். பக்கவாதத்தில் அம்மாவுக்கு எந்தக் கை பலமாக இருக்கிறது? உட்கார்ந்த நிலையில் பக்கச் சுவர்க் கம்பி அந்தக் கைப்பக்கம் வருகிறதா என்று கேளுங்கள். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். வலது கை செயலிழந்தவருக்கு வலப்பக்கம் கம்பி இருந்து என்ன பயன்?

ரோல்-இன் ஷவரில் மடக்கு இருக்கை இருக்க வேண்டும் என்பது ஹோட்டல் அறைகளுக்குக் கட்டாயம். பல இடங்களில் அது இல்லாமல் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். முதுகுப் பக்கம் சாய இடமில்லாத, ஈரத்தில் வழுக்கும் அந்த ஸ்டூலில் பக்கவாதக்காரரை உட்கார வைக்காதீர்கள். இருக்கை சுவரோடு பொருத்தியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் கை ஷவர். எட்டும்படி வைப்பதற்காகத்தான் நீளக் குழாயோடு அதைப் போடச் சொல்லியிருக்கிறது. ஆனால் அறையைச் சுத்தம் செய்பவர்கள் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதைக் கம்பியின் உச்சியில், ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். துண்டுகளும் அதற்கு மேல் தட்டில். எத்தனையோ காலையில் உடை களைந்து உள்ளே போனபின் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறைக்குள் போனவுடன் முதல் வேலையாக அதை இறக்கிவிடுங்கள்.

சட்டம் கோட்டை விட்ட இடம் கட்டில். வீல்சேர் அறையில் கட்டிலின் இரண்டு பக்கமும் 30-க்கு 48 அங்குலம் காலி இடம் வேண்டும் என்று அளந்து சொல்லியிருக்கிறது. இரண்டு கட்டில் இருந்தால் நடுவில் ஒரே இடம் போதும். ஆனால் கட்டிலின் உயரத்தைப் பற்றி 2010 தரங்களில் ஒரு வார்த்தை கிடையாது. ஹோட்டல்கள் மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு ஆடம்பரம் காட்டியதில், 25 அங்குலத்தைத் தாண்டிய கட்டில்கள் சகஜமாகிவிட்டன. வீல்சேர் இருக்கை பெரும்பாலும் 18, 20 அங்குலம். காலையில் கட்டிலிலிருந்து வண்டிக்கு இறங்குவது எளிது. இரவில் மேலே போக மலை ஏற வேண்டும். இன்னொரு வம்பு, கட்டிலுக்கு அடியில் பெட்டி வைத்து மூடிவிடுவது. ஆளைத் தூக்கும் லிஃப்ட் பயன்படுத்துபவர்களுக்கு அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய இடம் வேண்டும். பெட்டி இருந்தால் அந்தக் கருவி வெறும் இரும்பு. உங்களுக்கு லிஃப்ட் தேவையில்லை, ஆனால் உயரத்தை அவசியம் கேளுங்கள். தரையிலிருந்து மெத்தை மேல்பரப்பு வரை டேப் வைத்து அளந்து, அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பத்தில் ஏழு ஹோட்டல் அனுப்பும் என்பது என் அனுபவம். அனுப்பாத மூன்று ஹோட்டலும் உங்களுக்கு ஒரு பதிலைத்தான் அனுப்பியிருக்கின்றன.

அப்பா விஷயம். காது மந்தமானவருக்கான அறையில், தீ அபாய மணி அடித்தால் கண்ணுக்குத் தெரியும் விளக்கு மின்ன வேண்டும். யாராவது கதவைத் தட்டினாலும் தொலைபேசி வந்தாலும் தெரியப்படுத்தும் விளக்கும் இருக்க வேண்டும். வீல்சேர் வசதியும் இந்த வசதியும் ஒரே அறையில் சேர்ந்து வருவது குறைவு. குறைந்தபட்சம் ஓர் அறையிலாவது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காதுவசதி அறைகளின் எண்ணிக்கையைக் காட்ட, வீல்சேர் அறைகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருவருக்கும் தனித்தனித் தேவை என்பதால் அப்படிப் பிரித்து வைத்தார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது இடைஞ்சல். இரண்டும் சேர்ந்த அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் அம்மாவின் தேவைக்கு முன்னுரிமை கொடுங்கள். அப்பாவுக்கு அதிர்வு அலாரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் ஓரளவு சமாளிக்கலாம்; அதே அறையில் காது கேட்கும் யாராவது படுப்பது இன்னும் நல்லது.

காசு விஷயம் சுலபம். மாற்றுத்திறனாளிக்கான ஏற்பாடு என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழும் தேவையில்லை. ஹோட்டல் விமான நிலையத்திலிருந்து இலவச வண்டி விடுகிறது என்றால், வீல்சேர்காரருக்கும் அதே தரத்தில், அதே காத்திருப்பு நேரத்தில் ஏறக்கூடிய வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ‘எங்கள் வேனில் லிஃப்ட் இல்லை, டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பது பதிலாகாது. இதைப் பலரும் கேட்பதே இல்லை. விமானத்துக்குள் நடப்பது வேறு சட்டம், 1986-இல் வந்த விமானப் பயணச் சட்டம். ஏடிஏ என்று அங்கே போய்ச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள். உதவி நாயோடு வருபவர்கள் இதைப் படித்தால் ஒரு வரி: நாய்க்குச் செல்லப்பிராணிக் கட்டணம் வாங்கக் கூடாது, அடையாள அட்டை கேட்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் போய் இறங்கும்போது அறை இல்லை என்றால்? முதலில் அந்த இடத்திலேயே மேலாளரைக் கேளுங்கள். ‘என் புக்கிங்கில் குறிப்பிட்ட வீல்சேர் அறை உறுதியாகியிருக்கிறது, ஏடிஏ முன்பதிவு விதிப்படி அதை வைத்திருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அந்த அறையில் இருப்பவர் வீல்சேர் இல்லாதவர் என்றால் மாற்ற முடியுமா என்று அவர்கள் கேட்டுப்பார்க்கலாம். முடியவில்லை என்றால், பக்கத்தில் வேறு ஹோட்டலில் அதே வசதி உள்ள அறையைத் தேடி, அந்தச் செலவையும் வண்டிச் செலவையும் ஏற்கச் சொல்லுங்கள். அதிகமாகப் புக் செய்துவிட்டு வாடிக்கையாளரை அனுப்பும் ஹோட்டல்கள் எல்லோருக்கும் செய்யும் வழக்கமான ஏற்பாடுதான் இது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். கொடுத்த அறையையும், குளியலறை வாசலில் டேப் வைத்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் பெயர், நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு என்ன செய்யலாம் என்பதில் பலருக்கும் கற்பனை அதிகம். லட்சக்கணக்கில் நஷ்டஈடு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஏடிஏயின் இந்தப் பகுதியில் தனிநபர் வழக்குப் போட்டால், குறையைச் சரிசெய்யும்படி உத்தரவும் வக்கீல் கட்டணமும்தான் கிடைக்கும். பட்ட கஷ்டத்துக்குப் பணம் கிடையாது. அரசின் நீதித் துறை வழக்குப் போட்டால் அபராதம் முதல் மீறலுக்கே 1,00,000 டாலரைத் தாண்டிப் போகலாம், ஆனால் அது அரசுக்குப் போகும் பணம். மாநிலச் சட்டங்கள்தான் வித்தியாசம். கலிபோர்னியாவில் உன்ரூ சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் கேட்கலாம். அதனால் ஒரே மாதிரி அவமானம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தால் ஒரு விலை, பக்கத்து மாநிலத்தில் நடந்தால் வேறு விலை.

நீதித் துறைக்கு ஏடிஏ தளத்தில் இலவசமாகப் புகார் அனுப்பலாம், வெளிநாட்டிலிருந்தும். எல்லாப் புகாரையும் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சில சமயம் பெரிய மீன் சிக்கும். 2010 நவம்பரில் ஹில்டன் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் அப்படித்தான் வந்தது: 50,000 டாலர் அபராதத்தோடு, கட்டடங்களையும் முன்பதிவு முறையையும் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். தொகை அவர்களுக்குச் சில்லறை, வேலைதான் பெரிது.

வழக்குப் போடுபவர்கள் மேல் அங்கே கோபமும் இருக்கிறது. தங்கும் எண்ணமே இல்லாமல் நூற்றுக்கணக்கான ஹோட்டல் தளங்களைப் பார்த்து, வீல்சேர் விவரம் போடவில்லை என்று வழக்குப் போட்ட ஒருவரின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு வழக்குப் போடும் தகுதி உண்டா என்று தீர்ப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் வழக்கை முன்பே விலக்கிக்கொண்டதால், 2023 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே முடித்துவைத்தது. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பணத்துக்காகவே வழக்குப் போடும் வக்கீல்கள் உண்டு. ஆனால் அந்த வழக்குகள் இல்லாதிருந்தால் பாதி ஹோட்டல் தளங்களில் இன்றைக்கும் கதவின் அளவு இருந்திருக்காது. உங்களைப் பொறுத்தவரை அந்தச் சர்ச்சை பொருட்டே இல்லை. நீங்கள் உண்மையாகவே புக் செய்து, உண்மையாகவே தங்கப் போனவர்.

கடைசியாக வேலை முறை. புக் செய்த அன்றே, தலைமை அலுவலகத்துக்கு இல்லாமல் அந்த ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள்: ரோல்-இன் ஷவர், சுவரோடு பொருத்திய மடக்கு இருக்கை, கம்பி எந்தப் பக்கம், கட்டில் உயரம், அந்த அறை எங்கள் பெயரில் மற்ற முன்பதிவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதா. எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது காற்றோடு போகும். ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே புக் செய்யுங்கள், பதில் திருப்தியாக இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். போவதற்கு இரண்டு நாள் முன் ஒரு ஃபோன், போகும் நாள் மதியம் இன்னொன்று; அறை எண் ஒதுக்குவது பெரும்பாலும் அன்றைக்குக் காலையில்தான், தவறு நடப்பதும் அப்போதுதான். அந்த மதிய ஃபோனில் அறை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.